கணிப்பொறி வழித் தொலைநகல்: சிக்கனமான வழி எது?

தஞ்சை மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் இராசகிரி, பண்டாரவாடை, வழுத்தூர், சக்கராப்பள்ளி, அய்யம்பேட்டை ஆகிய ஊர்களின் பொருள்வளம் இரண்டு வாய்க்கால்களின் வழியே வந்தது. ஒன்று குடமுருட்டியும் திருமலைராஜனும் கொணரும் காவிரி நீர். மற்றொன்று கடல் கடந்து சென்றோர் அனுப்பிய பணம். சிங்கப்பூர், மலேசியா, பின்னர் வளைகுடா நாடுகள் என்று பிழைப்புத் தேடிச் சென்றவர்களுக்கும் ஊரிலிருந்த குடும்பத்தாருக்கும் இடையே 1990-களில் பாலமாக நின்ற கருவிகளுள் தொலைநகலும் ஒன்று. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று பலகை மாட்டிய சிறு கடைகளில் ‘பேக்ஸ்’ என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது. விசாவின் நகல் அங்கே வரும். கடவுச்சீட்டின் நகல் அங்கிருந்து போகும். வழவழப்பான வெப்பத்தாளில் வந்த எழுத்து சில மாதங்களில் மங்கிவிடுமாதலால், வந்த கையோடு அதனை ஜெராக்ஸ் எடுத்துப் பெட்டியில் வைப்பது அக்கால வழக்கம்.

இன்று அப்பணியின் பெரும்பகுதியை மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் எடுத்துக்கொண்டன. தந்தி 2013 ஜூலையிலேயே விடைபெற்றுவிட்டது. ஆயினும் தொலைநகல் முற்றாக மறையவில்லை என்பது கருதத்தக்கது. பிரிட்டனின் தேசிய நலவாழ்வுத் துறை மருத்துவமனைகள் புதிய தொலைநகல் பொறிகளை 2019 ஜனவரி முதல் வாங்கக்கூடாது என்றும், 2020 மார்ச் 31-க்குள் அவற்றை முற்றிலும் கைவிட வேண்டும் என்றும் ஆணையிட வேண்டியிருந்தது. அந்நாள்வரை ஆயிரக்கணக்கான பொறிகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன என்பதே அதன் பொருள். ஜப்பானில் 2021-ஆம் ஆண்டு அமைச்சர் கோனோ தாரோ அரசு அலுவலகங்களில் தொலைநகலை ஒழிக்க முயன்றபோது, அலுவலகங்களே நூற்றுக்கணக்கில் மறுப்புத் தெரிவித்தன, திட்டம் பின்வாங்கியது. அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் குறிப்புகள் தொலைநகல் வழியே செல்வது இன்றும் இயல்பு. எனவே, பாபநாசத்துப் பயண முகவரோ, அரிசி ஏற்றுமதி செய்பவரோ, அயல்நாட்டு மருத்துவமனையிலிருந்து உறவினரின் சிகிச்சைக் குறிப்பை வேண்டுபவரோ, ‘தொலைநகலில் அனுப்புக’ என்னும் வாசகத்தை எதிர்கொள்ள நேரலாம். அலுவலகத்தில் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே குறைந்த செலவில் அனுப்புவது எவ்வாறு என்பதே நம் கேள்வி.

இக்கேள்விக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதிரே உள்ளவர் மின்னஞ்சலை ஏற்பாரா என்பதே அது. ஏற்பார் எனில் அதனினும் சிக்கனமான வழி இல்லை. அத்தகையோர் இக்கட்டுரையை இவ்விடத்திலேயே மடித்து வைத்துவிடலாம்.

தொலைநகல் இயங்கும் முறை

சிக்கனத்தை அறிய வேண்டுமாயின் கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். தொலைநகல் கருவி எழுத்தை எழுத்தாக அறிவதில்லை. தாளைப் பல நூறு கிடைக்கோடுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டையும் கறுப்பு, வெள்ளைப் புள்ளிகளாகப் படித்து, அவற்றை ஒலியாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் செலுத்துகிறது. எதிர்முனைக் கருவி அவ்வொலியைக் கேட்டு மீண்டும் புள்ளிகளாக வரைகிறது. இக்கருத்து தொலைபேசிக்கும் மூத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1843-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கிரகாம் பெல்லின் தொலைபேசிக் காப்புரிமையோ 1876-ஆம் ஆண்டினது. நாம் இன்று அறிந்த தொலைநகலுக்கு, ‘மூன்றாம் தொகுதி’ என்னும் பெயரில் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பு 1980-இல் பொதுவிதி வகுத்தது. எந்த நாட்டுக் கருவியும் எந்த நாட்டுக் கருவியோடும் பேச முடிந்தது அவ்விதியால்தான்.

அவ்விதிப்படி ஒரு கோட்டில் 1,728 புள்ளிகள். சாதாரண நிலையில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 கோடுகள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். ஆக, ஏறத்தாழ 1,143 கோடுகள். பெருக்கிப் பார்த்தால் ஒரு பக்கத்தில் 19 இலட்சத்து 75 ஆயிரம் புள்ளிகள். நொடிக்கு 9,600 துணுக்குகள் செல்லும் வேகத்தில் இவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினால் 206 நொடிகள், அதாவது மூன்றரை நிமிடங்கள் ஆகும். நடைமுறையில் ஒரு கடிதம் ஒரு நிமிடத்துக்குள் போய்விடுகிறதே, எப்படி? நெல்லை மணி மணியாக எண்ணாமல் மூட்டைக் கணக்கில் சொல்வதைப்போல, ‘இவ்விடத்தில் தொடர்ந்து இத்தனை வெள்ளைப் புள்ளிகள்’ என்று ஒரே குறியீட்டில் சொல்லிவிடுகிறது கருவி. வெற்றிடம் மிகுந்த பக்கம் விரைவில் போகும்; கறுப்பும் வெள்ளையும் அடிக்கடி மாறிவரும் பக்கம் நேரத்தை விழுங்கும்.

இதிலிருந்து செலவுக்குரிய முதல் பாடம் கிடைக்கிறது. வண்ணப் பின்னணியுள்ள அலுவலகத் தாளையும், மெல்லிய கோட்டுச் சித்திரம் நிறைந்த கடவுச்சீட்டுப் பக்கத்தையும் அப்படியே அனுப்பினால் நிமிடங்கள் கூடும். கடிதம் கறைபட்டும் தோன்றும். கணிப்பொறியில் எழுதிய கடிதத்தை அச்சிட்டு, அத்தாளை மீண்டும் வருடிப் படமாக்கி அனுப்புவோர் உளர். அது இருமடங்கு வேலை. தாளின் அழுக்கும் மடிப்பும்கூடப் புள்ளிகளாகிச் செல்லும். கோப்பிலிருந்தே நேராக அனுப்பினால் வெள்ளை தூய வெள்ளையாகவும் எழுத்து கூர்மையாகவும் இருக்கும். கணிப்பொறி வழித் தொலைநகலின் மெய்யான ஆதாயம் தாள் மிச்சத்தில் இல்லை. இத்தெளிவிலேயே உள்ளது என்பேன்.

தமிழ் பயில்வோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்குண்டு. சாதாரண நிலையில் இரு கோடுகளுக்கு இடையே கால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியான இடைவெளி. சிறிய அச்செழுத்தில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி அவ்விடைவெளியில் கரைந்துவிடலாம். அல்லது எழுத்தோடு ஒட்டிவிடலாம். ‘ர்’ ‘ர’ ஆகும். கால் குறியும் ரகரமும் வேறுபாடின்றி நிற்கும். எண்களில் 3, 8 ஆகவும், 6, 0 ஆகவும் மயங்கும். வங்கிக் கணக்கு எண்ணில் இம்மயக்கம் நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலின் தமிழ்க் கடிதத்தையும் எண்கள் மிகுந்த தாளையும் ‘நுண்’ நிலையில், 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அனுப்புதல் வேண்டும். கோடுகள் இருமடங்காவதால் நேரமும் கூடும், அச்செலவு ஏற்கத்தக்கதே.

வழிகள்

கணிப்பொறியோடு தொடர்பில்லாத தனிப் பொறியை விட்டுவிடுவோம். எஞ்சியவை நான்கு.

முதலாவது, பேக்ஸ் மோடம். 1990-களில் டெல்ரினா என்னும் கனடா நாட்டு நிறுவனத்தின் ‘வின்பேக்ஸ்’ மென்பொருள் இத்துறையில் கொடிகட்டிப் பறந்தது. 1995-இல் சைமன்டெக் நிறுவனம் டெல்ரினாவை வாங்கிக்கொண்டது. அச்சுப்பொறிக்கு அனுப்புவதைப்போலவே கடிதத்தை மோடத்துக்கு அனுப்பினால் போதும். அக்காலத்தில் தொலைதூர அழைப்புக்குப் பகலில் முழுக் கட்டணம், பின்னிரவில் கால் கட்டணம். கடிதங்களைப் பகலில் கோத்து வைத்து, நள்ளிரவுக்குப்பின் தானே அனுப்புமாறு கணிப்பொறிக்குக் கட்டளையிட்டு வீடு செல்வது சிக்கனத்தின் உச்சமாகக் கருதப்பட்டது. 2006 மார்ச் 1-ஆம் நாள் பி.எஸ்.என்.எல். ‘ஒன் இந்தியா’ திட்டத்தைக் கொணர்ந்து, நாட்டின் எம்மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றாக்கியபின் அந்நள்ளிரவுக் கணக்குக்கு வேலை குறைந்துபோயிற்று. இன்றும் யு.எஸ்.பி. முனையில் செருகும் மோடங்கள் உள்ளன. விண்டோஸ் இயங்குதளத்தின் பல பதிப்புகளில் ‘பேக்ஸ் அண்ட் ஸ்கேன்’ என்னும் மென்பொருளும் உண்டு. லினக்ஸ் பயன்படுத்தும் அலுவலகம், பலர் ஒரே இணைப்பிலிருந்து அனுப்ப ‘ஹைலாபேக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளை நிறுவலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: கணிப்பொறியை அணைத்துவிட்டால் வரும் தொலைநகலைப் பெற ஆளில்லை.

இரண்டாவது, பல்பணி அச்சுப்பொறி. நகலெடுத்தல், அச்சிடுதல், வருடுதல் ஆகியவற்றோடு தொலைபேசிக் கம்பிக்கும் முனை உடையது. அதன் இயக்கு மென்பொருளை நிறுவினால் கணிப்பொறியிலிருந்தே அனுப்பலாம். அச்சுப்பொறி வாங்கத்தான் போகிறோம் எனில், கூடுதல் விலை சிறிதாயின், இது நல்ல ஏற்பாடு. தொலைநகலுக்காகவே வாங்குவது வீண்.

மூன்றாவது, இணையத் தொலைநகல் சேவை. கோப்பை இணையத்தில் ஏற்றினாலோ, குறித்த முகவரிக்கு மின்னஞ்சலில் இணைத்தாலோ, அந்நிறுவனத்தின் பொறி எதிர்முனையின் தொலைநகல் எண்ணை அழைத்து அனுப்பிவிடும். தொலைபேசிக் கம்பியோ மோடமோ நமக்குத் தேவையில்லை. மாதக் கட்டணமாகவோ பக்கக் கட்டணமாகவோ செலுத்தலாம்.

நான்காவது, கடைத்தெருவில் இன்னும் இச்சேவையை வைத்திருக்கும் கடை. கோப்பை எடுத்துச் சென்றால் போதும். ஆண்டுக்கு இரண்டு முறை அனுப்புவோர்க்கு இதனை எள்ளி நகையாட வேண்டுவதில்லை.

கம்பி போய்க் கண்ணாடி இழை வந்தபின்

முதல் இரண்டு வழிகளும் தொலைபேசிக் கம்பியை நம்பியவை. இங்கேதான் பலர் பணத்தை இழக்கின்றனர். செப்புக் கம்பி இணைப்புகள் பலவும் கண்ணாடி இழையாக மாறிவிட்டன. தொலைபேசி முன்போலவே ஒலிக்கிறது, எண்ணும் மாறவில்லை. ஆனால் உள்ளே குரல் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு இணைய முறையில் செல்கிறது. மனிதர் பேசும்போது ஒரு பொட்டலம் தொலைந்தாலும் செவி அதைப் பொருட்படுத்தாது. தொலைநகலின் ஒலியிலோ ஒரு பொட்டலம் போனால் ஒரு வரி போயிற்று. மேலும், குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகள் மனிதக் குரலுக்காக வகுக்கப்பட்டவை. மோடத்தின் கீச்சொலி அவற்றுள் புகுந்து வெளிவரும்போது உருக்குலைந்துவிடும். கைப்பேசி இணைப்பில் சாதாரணத் தொலைநகல் பொறியை ஓட்ட முடியாமைக்கும் இதுவே காரணம்.

இக்குறையைப் போக்கப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் ‘டி.38’ என்னும் விதியை வகுத்தது. தொலைநகலின் ஒலியை நுழைவாயிலிலேயே தரவாக மாற்றி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்கும் முறை அது. வழியிலுள்ள கருவிகள் அனைத்தும் அதனை ஏற்றால்தான் பயன். ஆகவே மோடமோ பல்பணிப் பொறியோ வாங்குமுன் இணைப்பு தருபவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு: என் இணைப்பு செப்புக் கம்பியா, இழையா? இழையாயின் டி.38 உண்டா, அல்லது குரலைச் சுருக்காமல் அனுப்பும் வசதியேனும் உண்டா? இரண்டும் இல்லை என்றால் பொறி வாங்குவது வயலில் தண்ணீரில்லாமல் நாற்று வாங்குவதற்கு ஒப்பாகும்.

இழை இணைப்பில் அனுப்பியே தீரவேண்டும் எனில், வேகத்தை 9,600-க்குக் குறைத்து வைத்தால் பல நேரம் செல்லும். பிழைதிருத்த முறையையும் நிறுத்திவிடு என்று சிலர் அறிவுறுத்துவர். அம்முறை இருந்தால் கெட்ட பகுதியைக் கருவி மீண்டும் மீண்டும் கேட்கும். இணைப்பு மோசமாயின் இடையில் அறுந்துவிடும். நிறுத்தினால் பக்கம் போய்விடும். ஆனால் சில வரிகள் சிதைந்து போகக்கூடும். வாழ்த்துக் கடிதத்துக்கு அது போதும். தொகையும் கணக்கு எண்ணும் உள்ள தாளுக்கு ஆகாது.

கணக்கு

பொறியின் விலையைப் பார்த்துச் சிக்கனம் என்று முடிவு செய்வது பெரும்பாலோர் செய்யும் பிழை. சரியான அளவுகோல், தெளிவாகச் சென்று சேர்ந்த ஒரு பக்கத்தின் அடக்கச் செலவு. திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அத்தனை பெரிய களஞ்சியம் கோயில் நிலங்களின் விளைச்சலுக்குப் பொருந்தும். கால் காணிக்காரனுக்கு ஒரு குதிர் போதும்.

பின்வரும் எண்கள் கணக்கு முறையை விளக்கக் கற்பித்தவையே. வாசகர் தம் பற்றுச்சீட்டிலுள்ள எண்களை அவ்விடத்தில் இட்டுக்கொள்க. தொலைநகலுக்காகவே வைத்த தொலைபேசிக்கு மாத வாடகை 300 ரூபாய். பொறியின் விலை 12,000 ரூபாய். ஐந்தாண்டு உழைக்கும் என்றால் மாதத்துக்கு 200 ரூபாய். ஆக, ஒரு பக்கமும் அனுப்பாமலே மாதம் 500 ரூபாய். மாதத்துக்கு நான்கு பக்கம் அனுப்பினால் பக்கம் ஒன்றுக்கு 125 ரூபாய். நூறு பக்கம் அனுப்பினால் ஐந்து ரூபாய். அழைப்புக் கட்டணம் இதற்கு மேல். இணையச் சேவை பக்கத்துக்கு 40 ரூபாய் கேட்கிறது என்று கொண்டால், 500-ஐ 40-ஆல் வகுக்க 12½ வரும். மாதம் பன்னிரண்டு பக்கம்வரை இணையச் சேவையே ஆதாயம். அதற்கு மேல் சொந்தப் பொறி.

பேச்சுக்கும் இணையத்துக்குமாகத் தொலைபேசி முன்னரே இருக்குமாயின் அதன் வாடகையைத் தொலைநகலின் தலையில் ஏற்றலாகாது. அப்போது 200-ஐ 40-ஆல் வகுக்க, ஐந்து பக்கத்திலேயே சொந்தப் பொறி சமநிலைக்கு வந்துவிடும். ஆனால் ஐந்தில் ஒரு பக்கம் சிதைந்து மறுபடி அனுப்ப நேர்ந்தால், அந்நேரத்தில் ஊழியர் பொறியின் முன் நின்றால், அவ்வாதாயம் கரையும். எதிர்முனையில் வேறு நாடு இருந்தால் நிமிடக் கட்டணமே தலையாய செலவாகும். அந்நிலையில் அழைப்பை அந்நாட்டிலிருந்தே செய்யும் இணையச் சேவை பெரும்பாலும் மலிவு.

இணையச் சேவையிலும் ஒரு கண்ணி உண்டு. ‘மாதம் இத்தனை பக்கம் இலவசம்’ என்று அழைத்து, அட்டையில் மாதந்தோறும் பணம் எடுப்பர். ஒரு முறை அனுப்பிவிட்டு மறந்தவர், ஓராண்டு கழித்து வங்கிக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிடுவார். மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கமே அனுப்பும் அலுவலகம் பக்கக் கட்டணச் சேவையை நாடுவதே அறிவுடைமை. தொலைநகலைப் பெறவும் வேண்டுமாயின், அச்சேவை தரும் எண் எந்நாட்டு எண் என்று பார்த்துக்கொள்க. சொந்தத் தொலைபேசியில் பெறுவோர், அயல்நாட்டவர்க்கு எண்ணைத் தரும்போது பாபநாசத்தின் 04374-ஐ முன்னுள்ள சுழி நீக்கி 91 4374 என்று தருதல் வேண்டும்.

சேர்ந்ததா? செல்லுமா?

அனுப்பியபின் பொறி தரும் சான்றுச்சீட்டில் ‘சரி’ என்று வந்தால், எதிர்முனைப் பொறி பக்கத்தைப் பெற்றுக்கொண்டது என்பதே பொருள். மனிதர் ஒருவர் அதனைப் படித்தார் என்பதன்று. இந்திய அரசியலிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2018 நவம்பர் 21-ஆம் நாள், ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரி மெஹபூபா முப்தி ஆளுநர் மாளிகைக்குத் தொலைநகலில் கடிதம் அனுப்ப முயன்றார். அது சென்று சேரவில்லை என்று கூறி, கடிதத்தை டுவிட்டரில் வெளியிட்டார். அன்றிரவே ஆளுநர் சத்யபால் மாலிக் சட்டப்பேரவையைக் கலைத்தார். அன்று மீலாத் விடுமுறை. தொலைநகலைக் கவனிக்க ஆளில்லை என்பது ஆளுநர் தந்த விளக்கம். ஓர் அரசே அமையுமா என்ற நிலையில் இவ்வாறு எனில், வெளிநாட்டு முதலாளியின் அலுவலகத்துக்கு வெள்ளிக்கிழமை அனுப்பிய கடிதத்தின் கதியை எண்ணிப் பார்க்கலாம். அனுப்பியபின் ஒரு தொலைபேசி அழைப்பு. ‘எத்தனை பக்கம் வந்தது, கடைசிப் பக்கத்தின் கடைசி எண் என்ன?’ என்னும் இரண்டு கேள்விகள். அந்த அழைப்பின் செலவையும் மேற்சொன்ன அடக்கத்தில் சேர்க்க வேண்டும்.

சென்று சேர்ந்தாலும் சட்டத்தின் முன் செல்லுமா என்பது வேறு கேள்வி. கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சிகளை வைத்துக்கொள்ளுங்கள் என்று விரிவாகக் கூறும் அல்பகறா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதைப் பெரியோர் அறிவர். எழுத்துக்கு மதிப்பளிக்கும் சமுதாயம், எவ்வெழுத்து எங்கே செல்லும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். விலைப்புள்ளி, கொள்முதல் ஆணை, அதற்குரிய ஒப்புதல் ஆகியவை மின்வழியே பரிமாறப்பட்டாலும் ஒப்பந்தம் ஆகும்; தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அதற்கு இடந்தருகிறது. வழக்கு வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு மின்பதிவைக் காட்ட வேண்டும். அனுப்பிய கோப்பையும் சான்றுச்சீட்டையும் கணிப்பொறியில் நாள்வாரியாகச் சேமித்து வைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் அச்சட்டத்தின் முதல் அட்டவணை சில ஆவணங்களை விலக்கி வைத்துள்ளது. உயில், அறக்கட்டளை ஆவணம், நிதி நிறுவனங்களுக்கு அளிக்கும் சில வகை நீங்கலான அதிகாரப் பத்திரம் ஆகியன அவற்றுள் அடங்கும். நம் ஊர்களில் ‘பவர்’ என்று வழங்கும் அதிகாரப் பத்திரமே பலருடைய சொத்துக்கு ஆணிவேர். துபாயிலோ ரியாத்திலோ இருப்பவர் தம் வீட்டு மனையை விற்க அண்ணனுக்கோ மாமாவுக்கோ அதிகாரம் தருகிறார். பத்திரத்தின் நகல் தொலைநகலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்துவிட்டது என்று முன்பணம் வாங்கிவிடுவோர் உண்டு. பதிவுச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் இருப்பவர் அதனை அங்குள்ள நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் துணைத் தூதர் போன்றோர் முன்னிலையில் எழுதிக் கொடுத்துச் சான்று பெற வேண்டும். அதன் மூலப்பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் உரிய முத்திரை இடப்பட வேண்டும் என்கிறது 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. பாபநாசம் சார்பதிவாளரின் மேசைக்கு மூலம்தான் செல்லும். நகல், வரைவைச் சரிபார்த்துக்கொள்ள மட்டுமே உதவும். மூலத்துக்குத் தூதஞ்சல் கட்டணம் கொடுத்தே ஆகவேண்டும்.

இன்னொரு செலவு கணக்கேட்டில் ஏறாதது. கடவுச்சீட்டு, ஆதார், வங்கிக் கணக்கு விவரம், நோயாளியின் மருத்துவக் குறிப்பு ஆகியவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். சொந்த மோடத்தில் அனுப்பினால் அவை நம் கணிப்பொறியிலும் எதிர்முனையிலும் மட்டுமே தங்கும். இணையச் சேவையில் அனுப்பினால் மூன்றாமவர் ஒருவரின் கணிப்பொறியிலும் தங்கும். எத்தனை நாள் வைத்திருப்பர், நாம் அழித்தால் அங்கும் அழியுமா என்பதை அவர்களுடைய விதிமுறையில் படித்தறிய வேண்டும். முற்றிலும் இலவசம் என்னும் சேவைகளுக்கு இத்தகைய ஆவணங்களைத் தருவதை நான் ஏற்பதில்லை. கடையில் அனுப்புவோர், கோப்பைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாமல் பென்டிரைவில் கொண்டுசென்று, அனுப்பி முடித்ததும் அங்கேயே நின்று அழிக்கச் செய்தல் வேண்டும். இறக்கிய கோப்புகள் சேரும் அடைவை அக்கணிப்பொறியில் ஒருமுறை திறந்து காட்டச் சொன்னால், நமக்கு முன் வந்துபோன எத்தனை குடும்பங்களின் கடவுச்சீட்டுகள் அங்கே கிடக்கின்றன என்பது தெரிந்துவிடும்.